ஆகாய விமானமும் ஆறாத காயமும்



தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பழகியவர்களுக்கு ஒரு செய்தியை நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. உளி சற்று ஆழமாக இறங்கிவிட்டால் மரத்தில் காயம் படும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பால் வழக்கம்போல மங்கில் வடியும். ஆனால் பட்டை மீண்டும் வளரும்போது காயம்பட்ட இடம் முண்டும் முடிச்சுமாக எழும்பி நிற்கும். சில ஆண்டுகள் கழித்து அதே பக்கத்துக்கு வெட்டுத் திரும்பி வரும்போதுதான் அன்றைய காயத்தின் விலை என்னவென்று தெரியும். அதனால்தான் கங்காணி நிரை நிரையாக நடந்து மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். காயத்தின்மேல் மண்ணைப் பூசிவிட்டால் கங்காணியின் கண்ணுக்குத் தப்பலாம். மரத்துக்குத் தப்ப முடியுமா?

இன்று நாம் பேசவிருப்பது பால்மரத்தைப் பற்றியன்று. ஆகாய விமானத்தைப் பற்றி. ஆனாலும் செய்தி ஒன்றுதான். விமானத்துக்கும் காயம் படும். அந்தக் காயத்தை அன்றே கண்டுபிடித்து முறையாக ஆற்றினார்களா, அல்லது மேலே ஒரு தகட்டை வைத்து மூடிவிட்டார்களா என்பதைப் பொறுத்தே பல நூறு பேரின் உயிர் நின்றிருக்கிறது. அந்த வரலாற்றைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

இருவகைச் சோதனை

நம் வீட்டுக் குழந்தைக்கு மாதம் பார்த்து, நாள் பார்த்துத் தடுப்பூசி போடுகிறோம். குழந்தை நன்றாக இருந்தாலும் அந்த நாளில் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். அது ஒருவகைச் சோதனை. அதே குழந்தை ரம்புத்தான் மரத்திலிருந்து தவறி விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஊசிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எந்தத் தாயாவது இருப்பாளா? உடனே ஓடுவாள். கை எலும்பு முறிந்ததா, தலையில் அடிபட்டதா என்று பார்க்கச் சொல்லுவாள். அது இன்னொருவகைச் சோதனை.

விமானத்துக்கும் இப்படித்தான். நாள் கணக்கிலும், பறந்த மணிக்கணக்கிலும், ஏறி இறங்கிய தடவைக் கணக்கிலும் முன்கூட்டியே வகுத்து வைத்த சோதனைகள் ஒருவகை. விமானம் தரையில் ஓங்கி மோதி இறங்கியது, மின்னல் தாக்கியது, பறவை மோதியது, வால் தரையில் உரசியது என்று ஏதேனும் நேர்ந்தவுடன் செய்ய வேண்டிய சிறப்புச் சோதனைகள் மற்றொரு வகை. இவ்விரண்டும் ஒரே நாளில் பிறந்தவை அல்ல. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு பாடம் இருக்கிறது. அவற்றுள் பல, துயரம் நிறைந்த பாடங்கள்.

சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட விமானம்

உலகின் முதல் பயணிகள் ஜெட் விமானம் பிரிட்டனில் கட்டப்பட்ட 'காமெட்'. 1952ஆம் ஆண்டு மே மாதம் அது சேவைக்கு வந்தது. அதற்கு முன்பிருந்த விமானங்களைவிட உயரமாகவும் வேகமாகவும் பறந்தது. அவ்வளவு உயரத்தில் மனிதன் மூச்சுவிடக் காற்றுப் போதாது. ஆகையால் விமானத்தின் உடலுக்குள் காற்றை அழுத்தி நிரப்ப வேண்டும். மேலே ஏறும்போது உடல் பந்துபோல உள்ளிருந்து உப்பும். கீழே இறங்கும்போது தளரும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் ஒவ்வொரு பயணத்திலும் இது நடக்கும்.

1954ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்குச் சென்றுகொண்டிருந்த காமெட் விமானம் ஒன்று, ரோமாபுரியில் இறங்கி மீண்டும் கிளம்பிய சிறிது நேரத்தில் எல்பா தீவுக்கு அருகே கடலில் சிதறி விழுந்தது. 35 பேர் மாண்டனர். காமெட் விமானங்கள் எல்லாம் நிறுத்தப்பட்டன. பொறியாளர்கள் கூடி, காரணம் இதுவாக இருக்கலாம், அதுவாக இருக்கலாம் என்று பல பாகங்களில் திருத்தங்கள் செய்தனர். மார்ச்சு மாதத்தில் விமானங்கள் மீண்டும் பறந்தன. ஏப்ரல் 8ஆம் நாள் இன்னொரு காமெட் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்கு அருகே கடலில் விழுந்தது. மேலும் 21 உயிர்கள் போயின.

இரண்டு விபத்துகளுக்கும் நடுவே சோதனை செய்யாமலா விட்டார்கள்? செய்தார்கள். ஆனால் எதைத் தேட வேண்டும் என்பது அப்போது அவர்களுக்குத் தெரியவில்லை.

அதன்பின் பிரிட்டனின் ஃபார்ன்பரோ ஆய்வுக் கூடத்தில் ஒரு காமெட் விமானத்தின் உடலைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தனர். உள்ளே நீரை அழுத்தி நிரப்புவதும் தளர்த்துவதுமாக, பறப்பது போன்ற நிலையைத் திரும்பத் திரும்ப உண்டாக்கினர். முன்பு பறந்தபோது ஏற்பட்டதையும் சேர்த்து மொத்தம் 3,057ஆவது தடவையில் உடல் பிளந்தது. ஒரு திறப்பின் மூலையில், ஆணி அடித்த துளையிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தது.

ஒரு கம்பியை எடுத்து இப்படியும் அப்படியுமாக வளைத்துப் பாருங்கள். முதல் தடவை உடையாது. பத்தாவது தடவையும் உடையாது. பிறகு ஒருமுறை, பெரிய பலம் எதுவும் கொடுக்காமலே பட்டென்று ஒடிந்துவிடும். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். உழைத்து உழைத்து உடல் சோர்வதுபோல உலோகமும் சோர்கிறது. இந்தச் சோர்வு மணிக்கணக்கைவிட, ஏறி இறங்கிய தடவைக் கணக்கையே பெரிதும் பொறுத்தது என்பது காமெட் கற்றுக்கொடுத்த பாடம்.

கழற்றிப் பார்ப்பதா, கண்காணிப்பதா?

பழைய காலத்தில் விமானப் பராமரிப்பு என்றால், குறித்த காலம் வந்ததும் எல்லாவற்றையும் கழற்றி, துடைத்து, மாற்றிப் பூட்டுவதுதான். அதிகமாகக் கழற்றினால் அதிகப் பாதுகாப்பு என்று நம்பினார்கள். ஆனால் கணக்குப் பார்த்தபோது அந்த நம்பிக்கை பல பாகங்களுக்குப் பொருந்தவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைக் கழற்றிப் பூட்டும்போதே புதிய பிழை உள்ளே புகுந்துவிடுவதும் உண்டு.

போயிங் 747 என்னும் மாபெரும் விமானம் உருவாகிக்கொண்டிருந்த 1968ஆம் ஆண்டில், விமான நிறுவனங்களும் கட்டுநர்களும் அரசு அதிகாரிகளும் கூடிப் பராமரிப்பு வழிகாட்டிக் குழு ஒன்றை அமைத்தனர். ஒவ்வொரு பாகத்தையும் எடுத்துக்கொண்டு, இது கெட்டால் என்ன ஆகும், கெடுவதை முன்னதாகக் காண முடியுமா, எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்த்தால் காணலாம் என்று கேட்டு முடிவு செய்தனர். இந்த முறை 1970இலும் 1980இலும் மேலும் திருத்தப்பட்டு, இன்றுவரை பெரிய விமானங்களுக்கு அடிப்படையாக இருந்துவருகிறது.

இதனால் விளைந்த வேறுபாடு வியப்புக்குரியது. பழைய முறைப்படி டி.சி.-8 விமானத்துக்கு, அது 20,000 மணி நேரம் பறந்து முடிப்பதற்குள், பெரிய கட்டமைப்புச் சோதனைகளுக்கு 40 இலட்சம் மனித மணி நேர உழைப்புத் தேவைப்பட்டது. புதிய முறைப்படி, அதைவிடப் பெரிய 747 விமானத்துக்கு அதே அளவு பறப்புக்கு 66,000 மணி நேரமே போதியதாயிற்று. பாதுகாப்பைக் குறைத்து இதைச் செய்யவில்லை. எங்கே பார்க்க வேண்டுமோ அங்கே பார்த்தார்கள்.

இம்முறையில் சோதனைகளுக்கு ஆங்கில எழுத்துகளைப் பெயராக வைத்தனர். 'ஏ' சோதனை, சில நூறு மணி நேரம் பறந்தபின் ஓர் இரவுக்குள் முடிக்கும் சிறு சோதனை. 'சி' சோதனை ஏறத்தாழ ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். 'டி' சோதனை பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. அதில் இருக்கைகள், உட்சுவர்ப் பலகைகள், தரைப்பலகைகள் எல்லாம் அகற்றப்பட்டு, விமானம் எலும்புக்கூடாக நிற்கும். பல வாரங்கள் வேலை நடக்கும். புதிய விமானங்களில் இந்த எழுத்துகள் மறைந்து, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிக் காலவரை வகுத்திருக்கிறார்கள்.

கண்ணால் பார்ப்பதுதான் இச்சோதனைகளில் பெரும்பகுதி. கைவிளக்கும் சிறு கண்ணாடியும் ஏந்தி ஒருவர் படுத்தும் தவழ்ந்தும் பார்க்கிறார். கண்ணுக்கு எட்டாத விரிசலைக் காணச் சாயம் தடவிப் பார்ப்பது, ஒலி அலை செலுத்திப் பார்ப்பது, மின்காந்தக் கருவியால் தடவிப் பார்ப்பது, எக்ஸ்ரே படம் எடுப்பது என வேறு வழிகளும் உண்டு.

அடிபட்ட பின் செய்யும் சோதனை

இனி இரண்டாவது வகைக்கு வருவோம். இது நாள்காட்டியைப் பார்த்து வருவதில்லை. விமானி தம் பதிவேட்டில் எழுதும் ஒரு வரியிலிருந்து தொடங்குகிறது. 'இறங்கும்போது பலமாக மோதியது' என்று அவர் எழுதிவிட்டால், உரிய சோதனை முடிந்து பொறியாளர் கையெழுத்திடும்வரை அந்த விமானம் புறப்படக் கூடாது. இறங்கும் வேகத்தையும் அதிர்ச்சியையும் அளந்து பதியும் கருவிகள் இன்று உள்ளன. ஆயினும் விமானியின் நேர்மையான சொல்லுக்கு மதிப்புக் குறையவில்லை.

ஓங்கி இறங்கிய விமானத்தில் முதலில் சக்கரங்களைப் பார்ப்பார்கள். இங்கே நமக்கு ஒரு பெருமை. விமான டயர்களில் பெரும்பங்கு இயற்கை ரப்பர்தான். திரும்பத் திரும்ப வரும் அதிர்ச்சியிலும் சூட்டிலும் பால்மரத்து ரப்பர் நன்றாகத் தாங்குகிறது. டயருக்குப் பின் சக்கரக் கால்கள். பிறகு இறக்கை உடலோடு சேரும் இடம். பிறகு இயந்திரத்தை இறக்கையோடு பிணைக்கும் தாங்கிகள். தகடு சுருங்கி மடிப்பு விழுந்திருக்கிறதா, ஆணித்தலை தளர்ந்திருக்கிறதா, எங்கேனும் எண்ணெய் கசிகிறதா என்று பார்ப்பார்கள். இது முதற்படி. இதில் ஏதேனும் தென்பட்டால் இரண்டாம் படி. மூடிகளைக் கழற்றி, உள்ளே இன்னும் ஆழமாகத் தேடுவார்கள். ஓரிடத்தில் விழுந்த அடி வேறோர் இடத்தில் முறிவை உண்டாக்கலாம் என்பதனால் இந்தப் படிமுறை.

மின்னல் தாக்கினால் அது நுழைந்த இடத்தையும் வெளியேறிய இடத்தையும் தேட வேண்டும். மூக்கிலோ இறக்கை நுனியிலோ நுழைந்து வால் வழியாக வெளியேறியிருக்கலாம். ஊசிமுனை அளவு கருகிய புள்ளிகள்தான் தடயம். பறவை மோதியிருந்தால், இயந்திரத்துக்குள் வளையும் குழல்போன்ற ஒரு கருவியைச் செலுத்தி, ஒவ்வோர் அலகாகப் பார்ப்பார்கள்.

இந்தப் பட்டியலில் எரிமலைச் சாம்பலும் உண்டு. அதன் அபாயத்தை உலகத்துக்கு உணர்த்திய நிகழ்ச்சியோடு நம் கோலாலம்பூருக்குத் தொடர்பு இருக்கிறது. 1982ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், இலண்டனிலிருந்து பம்பாய், சென்னை வழியாக வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானம் கோலாலம்பூரில் இறங்கி, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குக் கிளம்பியது. அதில் 263 பேர் இருந்தனர். சாவகத் தீவுக்கு அருகே இரவு நேரத்தில் நான்கு இயந்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. காலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் விமானம் நுழைந்திருந்தது. சாம்பல் இயந்திரச் சூட்டில் உருகிக் கண்ணாடிபோல ஒட்டிக்கொண்டது. விமானம் சறுக்கியபடியே கீழே இறங்கியது. இயந்திரங்கள் குளிர்ந்து, ஒட்டியிருந்தது உதிர, அவை மீண்டும் ஓடத் தொடங்கின. விமானி எரிக் மூடி தேய்ந்து மங்கிப்போன முன்கண்ணாடி வழியாக ஓரளவே பார்த்து ஜாக்கர்த்தாவில் இறக்கினார். ஓர் உயிர்கூடப் போகவில்லை.

ஆனால் இறங்கிய பின்னர்தான் பொறியாளர்களின் வேலை தொடங்கியது. மூன்று இயந்திரங்களை அங்கேயே மாற்ற வேண்டியிருந்தது. எரிபொருள் தொட்டிகளுக்குள்ளும் சாம்பல் புகுந்திருந்தது. அவற்றைத் துப்புரவு செய்தனர். இலண்டன் திரும்பியபின் நான்காவது இயந்திரத்தையும் மாற்றினர். ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, போகட்டும் என்று விட்டுவிடவில்லை.

ஏழாண்டுகள் கழித்து வெடித்த காயம்

எல்லாக் காயங்களும் இப்படி ஆறிவிடவில்லை. நேயர்களே, இனி நாம் சொல்வதைச் சற்றுப் பொறுமையோடு கேளுங்கள்.

1978ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், ஜப்பான் ஏர்லைன்ஸின் 747 விமானம் ஒன்று ஒசாக்காவில் இறங்கும்போது அதன் வால் ஓடுபாதையில் பலமாக உரசியது. பயணிகள் சிலர் காயமுற்றனர். விமானத்தின் பின்பகுதியில் அழுத்தக் காற்றை அடைத்து நிற்கும் பெரிய குடை போன்ற தடுப்புச் சுவர் ஒன்று உண்டு. அதன் கீழ்ப்பாதி சேதமடைந்தது. விமானத்தைக் கட்டிய போயிங் நிறுவனத்தின் ஆட்களே வந்து, கீழ்ப்பாதியை மாற்றி, மேல்பாதியோடு ஆணியடித்து இணைத்தனர்.

கிழிந்த சாரத்துக்கு ஒட்டுப் போடும்போது, துணியின் இரு பக்கத்தையும் ஒரே ஒட்டுத்துணி பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த ஒட்டுத்துணியையே நடுவில் இரண்டாகக் கத்தரித்துவிட்டுத் தைத்தால் என்ன ஆகும்? பார்வைக்கு ஒட்டுப் போட்டதாகத்தான் இருக்கும், இழுத்தால் தாங்காது. இங்கும் அதுவே நடந்தது. ஒரே தகடாகச் செல்ல வேண்டிய இணைப்புத் தகடு இரண்டு துண்டுகளாகப் போடப்பட்டது. இரண்டு வரிசை ஆணிகள் சுமக்க வேண்டிய பாரம் ஒரே வரிசையின்மேல் விழுந்தது. வேலை முடிந்து மேலே பூச்சும் போட்டபின், பார்ப்பவர் கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை.

அந்த விமானம் அதன்பின் 12,000க்கும் மேற்பட்ட தடவை பறந்தது. ஒவ்வொரு தடவையும் அந்த ஒற்றை வரிசைத் துளைகளில் விரிசல் மயிரிழை மயிரிழையாக வளர்ந்தது. இடையில் ஆறு 'சி' சோதனைகள் நடந்தன. விரிசல் சிக்கவில்லை.

1985ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள். முன்னோரை நினைந்து ஜப்பானியர் சொந்த ஊர் திரும்பும் திருநாட்காலம். தோக்கியோவிலிருந்து ஒசாக்காவுக்கு 524 பேருடன் அவ்விமானம் மாலையில் கிளம்பியது. பன்னிரண்டாவது நிமிடத்தில், 24,000 அடி உயரத்தில், பின்சுவர் பிளந்தது. உள்ளிருந்த காற்று சீறிப் பாய்ந்து வால்செங்குத்தின் பெரும்பகுதியைப் பிய்த்தெறிந்தது. விமானத்தைத் திருப்பவும் நிமிர்த்தவும் உதவும் நான்கு எண்ணெய்க் குழாய் அமைப்புகளும் அறுந்தன. விமானிகள் இயந்திர வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் 32 நிமிடம் போராடினர். கடைசியில் விமானம் குன்மா மாநிலத்தின் மலைமுகட்டில் மோதியது. 520 பேர் மாண்டனர். நால்வர் மட்டுமே உயிர் தப்பினர். ஒரே விமானத்தில் இத்தனை உயிர்கள் போன விபத்து வேறில்லை.

பழுதுபார்த்ததில் தவறு நேர்ந்ததைப் போயிங் நிறுவனம் அவ்வாண்டே ஒப்புக்கொண்டது. அந்தப் பிளந்த சுவரை ஜப்பான் ஏர்லைன்ஸ் தூக்கியெறியவில்லை. 2006ஆம் ஆண்டில் ஹனேதா விமான நிலையப் பகுதியில் ஒரு பாதுகாப்பு நிலையம் அமைத்து, அங்கே அதைப் பார்வைக்கு வைத்தது. தன் தவறின் சின்னத்தைத் தன் தொழிலாளர் கண்முன்னே வைப்பதற்கு மனத்துணிவு வேண்டும்.

பார்த்தும் சொல்லாத பயணி

1988ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், ஹவாய்த் தீவுகளில் பறந்த அலோகா நிறுவனத்தின் 737 விமானத்தின் மேற்கூரை நடுவானில் பிய்ந்து போனது. பணிப்பெண் ஒருவர் காற்றில் இழுத்துச் செல்லப்பட்டு மாண்டார். மற்றவர்களோடு விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது ஓர் அதிசயமே. தீவுக்குத் தீவு குறுகிய தூரம் பறந்து, அது 89,680 தடவை ஏறி இறங்கியிருந்தது. கடற்காற்றின் உப்பும் சேர்ந்து தகட்டு இணைப்புகளை அரித்திருந்தது.

இந்த விசாரணையில் இரண்டு செய்திகள் வெளிவந்தன. இரண்டும் நம் நெஞ்சில் நிற்க வேண்டியவை. ஒன்று, பயணி ஒருவர் விமானத்தில் ஏறும்போதே கதவருகே தகட்டில் விரிசலைக் கண்டார். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. நாம் என்ன கண்டோம், பெரியவர்கள் பார்த்திருக்க மாட்டார்களா என்று நாமும் எத்தனை முறை வாய்மூடி இருந்திருக்கிறோம்! மற்றொன்று, சோதனை செய்பவரின் நிலை. பகலெல்லாம் பறக்கும் விமானத்தை இரவில்தான் பார்க்க முடியும். நள்ளிரவில், மங்கிய வெளிச்சத்தில், ஆயிரக்கணக்கான ஆணித்தலைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பவனுக்குக் கண் சோரும், மனம் அலுக்கும். உலோகச் சோர்வைத் தேடுபவனுக்கும் சோர்வு உண்டு என்பதை அதிகாரிகள் எண்ணிப் பார்க்கத் தொடங்கினர்.

அதன்பின் வயதான விமானங்களுக்கெனத் தனிச் சோதனை முறைகள் வந்தன. பழைய ஒட்டுத்தகடுகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து மறுபடி மதிப்பிட வேண்டும் என்ற விதியை அமெரிக்கா 2000ஆம் ஆண்டில் கொண்டுவந்தது. ஒரு முறை பழுதுபார்த்தோம், முடிந்தது என்றிருக்கக் கூடாது; அந்தப் பழுதையும் விமானத்தின் ஆயுள் உள்ளளவும் கண்காணிக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

ஆறு மாதம் முந்திக்கொண்ட மரணம்

அந்த விதி ஏன் தேவை என்பதற்கு ஒரு விமானமே சாட்சியாயிற்று. 1980ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள், சைனா ஏர்லைன்ஸின் 747 ஒன்று ஹாங்காங்கில் இறங்கும்போது வாலைத் தரையில் உரசியது. அடிவயிற்றுத் தகட்டில் நெடுக கீறல்கள் விழுந்தன. தற்காலிகமாகச் சரிசெய்து, மே மாதத்தில் நிரந்தர வேலையும் செய்தனர். முறைப்படி கீறல் விழுந்த தகட்டை வெட்டி எடுத்திருக்க வேண்டும். அவ்வாறு செய்யாமல் அதன் மேலேயே இன்னொரு தகட்டை வைத்து ஆணியடித்துவிட்டனர். அந்த மேல்தகடும் காயம் முழுவதையும் மூடவில்லை. பதிவேட்டிலோ, கையேட்டின்படி பழுதுபார்க்கப்பட்டது என்றே இருந்தது.

22 ஆண்டுகள் அந்த விமானம் பறந்தது. மேல்தகட்டுக்குள் மறைந்த கீறலிலிருந்து விரிசல் வளர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் புதுத்தகடு மறைத்தது. 2001ஆம் ஆண்டு நவம்பரில் பழைய ஒட்டுகளைக் கணக்கெடுத்துப் படம் பிடித்தனர். அந்தப் படத்தில் ஒட்டுத்தகட்டைச் சுற்றிப் பழுப்பு நிறக் கறை தெரிந்தது. அது என்ன கறை? முன்னாளில் பயணிகள் உள்ளே சிகரெட்டுப் பிடிப்பார்கள் அல்லவா? அந்தப் புகையோடு கலந்த காற்று, பிளவு வழியே கசிந்து கசிந்து வெளியே படிந்த கறை அது. விமானத்தில் புகைபிடிப்பது நின்று ஆண்டுகள் பல ஆகியிருந்தன. அப்படியானால் கசிவு எவ்வளவு பழையது! தகடு தன் காயத்தைத் தானே எழுதிக் காட்டியிருந்தது. ஆனால் அந்த எழுத்தை யாரும் படிக்கவில்லை.

அந்த விமானத்தின் பழைய ஒட்டுகளை முழுமையாக மதிப்பிட 2002ஆம் ஆண்டு நவம்பரில் நாள் குறித்திருந்தனர். ஆனால் மே 25ஆம் நாள், தைப்பேயிலிருந்து ஹாங்காங் நோக்கிப் புறப்பட்ட இருபது நிமிடத்தில், ஏறத்தாழ 35,000 அடி உயரத்தில் அது வானிலேயே சிதறியது. 225 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. சோதனை நாளுக்கு ஆறு மாதம் முன்பே மரணம் முந்திக்கொண்டது.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

நேயர்களே, இந்த இரண்டு பெருவிபத்துகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் அடிபட்டது இரகசியமாக இல்லை. அன்றே ஊரறிந்த செய்தி. இரண்டிலும் பழுதுபார்க்க ஆட்கள் வந்தார்கள். வேலை முடிந்தது என்று கையெழுத்தும் ஆனது. குறை எங்கே? காயத்தைக் கண்டதோடு கடமை முடிந்தது என்று எண்ணியதில்தான் குறை. பழுதுபார்த்தவன் செய்ததை இன்னொருவன் சரிபார்க்க வேண்டும். சரிபார்த்ததை உள்ளபடி எழுதி வைக்க வேண்டும். எழுதி வைத்ததைப் பின்னால் வருபவன் படிக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும், ஏழாண்டு கழித்தோ இருபத்திரண்டாண்டு கழித்தோ, அதன் விலையை ஒன்றும் அறியாத மக்கள் கொடுக்கிறார்கள்.

இதைக் கேட்டு விமானத்தில் ஏறவே அஞ்ச வேண்டாம். ஒவ்வொரு பாடமும் அடுத்த விமானத்தைப் பாதுகாப்பாக்கியிருக்கிறது. நாம் பயமின்றிப் பறப்பதற்காக ஒவ்வோர் இரவும் விளக்கேந்தி உழைப்பவர்கள் சுபாங்கிலும் சிப்பாங்கிலும், சிங்கப்பூரின் சாங்கியிலும் செலேத்தாரிலும் இருக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் கணக்கையும் அறிவியலையும் ஊன்றிப் படித்தால் இந்தத் தொழிலுக்குப் போகலாம். உரிமம் பெற்ற விமானப் பொறியாளரின் கையெழுத்து இல்லாமல், எவ்வளவு பெரிய தலைவர் காத்திருந்தாலும் விமானம் கிளம்பாது. அவ்வளவு பெருமை அந்தக் கையெழுத்துக்கு உண்டு. அவ்வளவு பொறுப்பும் உண்டு.

அந்தத் தொழிலுக்கு வேண்டிய முதற்குணம் நமக்குப் புதியதன்று. விடியற்காலை இருட்டில், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், பட்டையின் கனத்தைக் கையாலேயே உணர்ந்து, காயம் படாமல் வெட்டிய பெற்றோரின் பிள்ளைகள் நாம். தப்பித் தவறிக் காயம் பட்டபோது, 'ஐயா, இந்த மரத்தில் உளி இறங்கிவிட்டது' என்று தாமாகவே சொன்னவர்களும் நம்மிடையே இருந்தார்கள். அன்று அந்த ஒரு சொல்லுக்குக் கூலியில் பிடித்திருக்கலாம்; ஏச்சுக் கிடைத்திருக்கலாம். ஆனால் அந்தச் சொல்தான் மரத்தைக் காத்தது. விமானத்தையும் அதே சொல்தான் காக்கிறது.

ஆகவே, வீட்டிலோ வேலையிடத்திலோ, ஓட்டும் வண்டியிலோ, ஏறும் ஏணியிலோ ஒரு விரிசலைக் கண்டால் வாய் திறந்து சொல்லுவோம். சொல்ல வந்த பிள்ளையை ஏசாமல் காது கொடுத்துக் கேட்போம். மண்ணைப் பூசி மறைத்த காயம் ஆறுவதில்லை. அது காத்திருக்கிறது, அவ்வளவுதான்.